வாங்கும் பெஞ்சும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் அம்பத்தூரில் ஆறாம் வகுப்பு ஆசிரியை. இந்த ஆண்டு என் வகுப்பில் இருவர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒருத்தி நேபாளத்துச் சிறுமி. அவளுடைய அப்பா அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் காவலாளி. மற்றவன் யாழ்ப்பாணத்திலிருந்து தாயுடன் வந்தவன். மொழியும் கோயிலும் பொங்கலும் நமக்குப் பொது என்பதால் அவன் சுலபமாக ஒட்டிக்கொள்வான் என்று எண்ணினேன். ஆனால் தமிழே தெரியாமல் வந்தவள் இன்று கலகலப்பாக இருக்கிறாள். அவன் பேசுவதையே குறைத்துக்கொண்டான். ஏன் இப்படி? அவனை நம் பேச்சுக்கு மாறச் சொல்லலாமா? இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைக்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். நீங்கள் எதிர்பார்த்ததில் பிழையில்லை. பண்பாட்டு நெருக்கம் உண்மையாகவே உதவும். பையனின் தாய் பள்ளிச் சுற்றறிக்கையைத் தானே படித்துக்கொள்வார், உங்களிடம் நேராக வந்து பேசுவார். சிறுமியின் தாய்க்கு அந்த வசதி இல்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி 1980இல் வெளியான ஓர் ஆய்வு பண்பாட்டுத் தூரத்தை அளந்து பார்த்தது. தூரம் கூடியவர்களிடம் பதற்றமும் மருத்துவரை நாடுவதும் கூடுதலாக இருந்தன. தேர்வு முடிவுகளோடு மட்டும் அதற்குத் தொடர்பு தெரியவில்லை. வளர்ந்தவர்களைப் பற்றிய அந்த முடிவை ஆறாம் வகுப்புக்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும், தூரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பதற்காக அதைச் சொல்கிறேன்.

சிறுமி அந்நியள் என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவள் தப்பாக ஒரு சொல் சொன்னால் திருத்துவார்கள், சரியாகச் சொன்னால் கைதட்டுவார்கள். பையன் நம்மவன் என்று தீர்மானித்துவிட்டதால் அவனுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அவன் பெஞ்சை ‘வாங்கு’ என்பான், நோட்டைக் ‘கொப்பி’ என்பான், பேசுவதைக் ‘கதைப்பது’ என்பான், வருகைப் பதிவின்போது ‘ஓம் டீச்சர்’ என்பான். இவற்றில் எதுவும் பிழையல்ல. ஆனால் தமிழ் தெரிந்த பிள்ளை சொல்லும்போது அது வேறு வழக்காகக் கேட்காமல் கோமாளித்தனமாகக் கேட்கிறது. அவனுடைய ஊரில் கல்வியாண்டு வழக்கமாக ஜனவரியில் தொடங்கும், நமக்கு ஜூன். அவன் படித்த வரலாறும் வேறு. தமிழ் சரளமாக வரும் பிள்ளைக்கு இப்படி இடைவெளிகள் இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

உங்கள் வகுப்பை நான் பார்த்ததில்லை. என் அனுபவத்திலிருந்து ஊகிக்கிறேன். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு வந்து எட்டாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்தில், ‘சார், வெள்ளம் குடிக்கப் போகட்டுமா?’ என்று கேட்டேன். எங்கள் ஊரில் குடிநீருக்கு அதுதான் பெயர். ‘கூவத்துக்குப் போ, நிறைய இருக்கு’ என்றார் ஆசிரியர். வகுப்பு சிரித்து ஓய்ந்த பிறகு உட்கார்ந்துவிட்டேன். அன்று தண்ணீர் குடிக்கவே இல்லை. அதே வகுப்பில் இருந்த குஜராத்திப் பையனின் தமிழைப் பார்த்து ஒருவரும் சிரித்ததில்லை.

இன்னொன்று, நம்மவன் என்ற பாசமும் சில நேரம் சுமையாகிவிடும். ஈழத்திலிருந்து வந்தவன் என்றதும் போரைப் பற்றிச் சொல்லச் சொல்கிறோம். போர் முடிந்தது 2009 மே மாதத்தில். உங்கள் ஆறாம் வகுப்பு மாணவன் அதன் பிறகு பிறந்தவன். அவனிடம் கிரிக்கெட்டைப் பற்றிக் கேளுங்கள்.

பேச்சை மாற்றச் சொல்ல வேண்டாம். 13 நாடுகளில் குடியேறிய இளையோரைப் பற்றி 2006இல் வெளிவந்த பெரிய ஒப்பாய்வில், தம் பண்பாட்டை விடாமல் புதிய சமூகத்திலும் கலந்தவர்களே மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். சென்னைப் பேச்சு அவனுக்கு மைதானத்திலேயே வந்துவிடும். இரண்டு மாதத்தில் ‘ஆமாடா’ என்பான், வீட்டில் அம்மாவிடம் ‘ஓம்’ என்பான். நீங்கள் ஒரு நாள் கரும்பலகையில் வாங்கு, பெஞ்சு என்று அருகருகே எழுதி, பெஞ்சுதான் ஆங்கிலம் என்பதையும் சொல்லிவிடுங்கள். சிரிப்பு யார் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்போம்.

இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைக்காதீர்கள். ஒரு வாரத்தில் அது ‘வெளிநாட்டு பெஞ்சு’ ஆகிவிடும். வகுப்பிலேயே அதிகம் வாயாடும் அம்பத்தூர்ப் பையன் ஒருவன் இருப்பானே, அவன் பக்கத்தில் இவனுக்கு இடம் கொடுங்கள்.