காலேஜ் முடிந்து முப்பது வருடம், இன்னும் சந்தா கட்டுகிறார்களே?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையிலிருந்து அட்லாண்டாவுக்கு வந்து ஏழு மாதம். உங்கள் மேனேஜர் ஐம்பது வயதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி. ஜனவரி 15 அன்று பிங்க்கும் பச்சையுமாக ஆபீஸ் வந்தார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ‘சாப்டர் மீட்டிங்’ (கிளைக் கூட்டம்) என்று எந்த போனையும் எடுப்பதில்லை. வேறு கம்பெனியிலிருந்து வந்த, முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணை ‘சோரோர்’ (சகோதரி) என்று கூப்பிட்டுக் கட்டிக்கொண்டார். இப்போது அவர்களுடைய கேலா விருந்துக்கு டிக்கெட் வாங்குகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். இது என்ன ஜாதிச் சங்கமா, டிக்கெட் வாங்க வேண்டுமா, அடுத்த வருடம் காலேஜ் போகிற மகளும் இதில் சேர வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஜனவரி 15, பிங்க், பச்சை என்றால் அவர் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. சுருக்கமாக ஏ.கே.ஏ. 1908-இல் வாஷிங்டன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, கறுப்பினப் பெண்களின் முதல் சொராரிட்டி, அதாவது காலேஜில் சேர்கிற சகோதரிச் சங்கம். தேதி அது பிறந்த நாள். “காலேஜ்ல நீங்க ஏ.கே.ஏ.வா இருந்தீங்களாமே?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ‘இருந்தேன்’ இல்லை, ‘இருக்கிறேன்’ என்று திருத்துவார். நம் ஊரில் யாரிடமாவது “நீங்க அவருக்குத் தங்கச்சியா இருந்தீங்களா?” என்று கேட்டால் எப்படி இருக்கும், அப்படி.

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு காட்சியே இதற்குச் சாட்சி. 2020 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் கமலா ஹாரிஸ் தன் குடும்பம் யார் யார் என்று சொல்லிக்கொண்டு போனபோது ‘சித்தி’ என்ற சொல் வந்தது. தமிழ்நாடே அதைக் கொண்டாடியது. அதே பட்டியலில், அதே மூச்சில், ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவையும் குடும்பம் என்றுதான் சொன்னார். நம்மவர்கள் காதில் சித்தி விழுந்தது; உங்கள் மேனேஜர் வீட்டில் மற்றது விழுந்திருக்கும். அந்த மாதம் கமலாவின் தேர்தல் நிதிக்கு 19.08 டாலர், 19.08 டாலர் என்று வந்து குவிந்ததற்கும் அதுதான் காரணம். நாம் மொய்யில் 501, 1001 என்று ஒற்றை ரூபாய் சேர்த்து வைப்பதைப் போல, அவர்கள் தொடங்கிய வருடத்தை வைக்கிறார்கள்.

எல்லா ஃபிராட்டர்னிட்டியும் (ஆண்களின் சங்கம்) சொராரிட்டியும் இப்படி இல்லை. நம்மவர்கள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு, சினிமாவில் பார்த்த பீர் பார்ட்டியை வைத்து முடிவு கட்டுவதில்தான் குழப்பமே.

கறுப்பின மக்களின் அமைப்புகள் ஒன்பது. ‘டிவைன் நைன்’ என்பார்கள். 1906-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா முதலாவது, 1963-இல் மார்கன் ஸ்டேட்டில் அயோட்டா ஃபை தீட்டா கடைசி. இவற்றில் காலேஜ் வெறும் வாசல்தான். வீடு அதற்குப் பிறகுதான். பட்டம் வாங்கியவர்களுக்கென்று ஊர் ஊராகத் தனிச் சாப்டர் உண்டு. மாதக் கூட்டம், தலைவர், செயலாளர், பொருளாளர், தேர்தல், கணக்கு எல்லாம் அங்கே நடக்கும். காலேஜில் சேராமல் விட்டவர்கள் நாற்பது வயதில், வேலையில் இருக்கும்போது, பட்டதாரிச் சாப்டர் வழியாகச் சேரவும் முடியும். காரணம் வரலாற்றில் இருக்கிறது. வெள்ளைக்காரர்களின் சங்கம், விடுதி, கிளப் எதிலும் நுழைய முடியாத காலத்தில் படித்த கறுப்பினத்தவர்களுக்கு எந்த ஊருக்குப் போனாலும் கதவு திறக்கிற வீடாக இவை இருந்தன.

ஓர் உதாரணம் போதும். 1935 முதல் 1942 வரை கோடைக்காலங்களில் ஏ.கே.ஏ. பெண்கள், டாக்டர்களும் நர்சுகளும் ஆசிரியைகளுமாக, மிசிசிப்பியின் பருத்திக் காட்டுக்குப் போய் மருத்துவ முகாம் நடத்தினார்கள். குத்தகைக்கு உழுதவர்களை முகாமுக்கு அனுப்பப் பண்ணை முதலாளிகள் மறுத்தபோது, காரிலேயே மருந்தையும் தடுப்பூசியையும் ஏற்றிக்கொண்டு பண்ணைக்கே போனார்கள். காலேஜ் பிள்ளைகளின் விளையாட்டு இல்லை இது. சம்பளம் வாங்குகிற பெண்கள் விடுமுறையைக் கொடுத்துச் செய்த வேலை. இன்றைக்கு உங்கள் மேனேஜரின் சனிக்கிழமை வாக்காளர் பதிவு, ஸ்காலர்ஷிப் நேர்காணல் என்று போவது அதன் தொடர்ச்சி.

சந்தா விஷயத்தில் ‘ஃபைனான்ஷியல்’ என்று ஒரு சொல் அடிபடும். பணக்காரர் என்று அர்த்தமில்லை. இந்த வருடச் சந்தா கட்டியவர். நம் ஊர்க் கோயில் தலைக்கட்டு வரியை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருந்தாலும் வரி கட்டினால்தான் திருவிழாவில் மரியாதை, கூட்டத்தில் பேச்சு. கட்டாதவர் பங்காளி இல்லாமல் போய்விடுவதில்லை, பாக்கி நிற்கிறது, அவ்வளவுதான். இங்கேயும் கட்டாதவருக்கு ஓட்டு இல்லை, பதவி இல்லை, ஆனால் உறுப்பினர் பெயர் போகாது. தலைமை அமைப்புக்கு ஒன்று, உள்ளூர்ச் சாப்டருக்கு ஒன்று என்று இரண்டு தொகை சேர்வதால் பலர் பிள்ளைகள் காலேஜ் படிக்கும் வருடங்களில் விட்டுவிட்டு, பிறகு திரும்பி வருவார்கள். எழுத்து மூலம் ராஜினாமா செய்வது வேறு கதை. அது திரும்ப வராத வழி. சிலர் மதக் காரணத்தால், சேரும்போது எடுத்த உறுதிமொழி தங்கள் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு ஒத்துவராது என்று வெளிப்படையாகவே விலகுவதும் உண்டு. உங்கள் டீமில் அப்படி ஒருவர் இருந்தால் இருவருக்கும் நடுவில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள அமைப்புகளில் விசுவாசம் வேறு இடங்களில் தெரியும். பெரும்பாலோருக்குப் பட்டம் வாங்கியதும் கூட்டம், சந்தா எல்லாம் மெலிந்துவிடும். மிஞ்சுவது இலையுதிர் காலத்தில் பழைய மாணவர்கள் கூடுகிற ஹோம்கமிங் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம், கல்யாணத்தில் தோழர்கள், வேலைக்கு ஒரு சிபாரிசு போன். ஆனால் உறுப்பினர் மாணவர்கள் தங்குகிற அந்தப் பெரிய தூண் வைத்த வீட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். பல இடங்களில் வீட்டுப் பத்திரம் பழைய மாணவர்களின் ‘ஹவுஸ் கார்ப்பரேஷன்’ பேரில் இருக்கும். கூரை ஒழுகல், தீயணைப்புத் தெளிப்பான், இன்சூரன்ஸ், கடன் தவணை என்று ஐம்பது வயது ஆட்கள் சம்பளமில்லாமல் பார்க்கிறார்கள். பேட்ஜ் இன்னொரு அடையாளம். காசு கொடுத்து வாங்கிய முத்துப் பதித்த ஊசிதான், ஆனாலும் பல சொராரிட்டிகளின் விதிப்படி அது அமைப்பின் சொத்து. விலகினால் திருப்பித் தர வேண்டும். விற்கக் கூடாது. இறந்தால் அதோடு புதைக்கலாம்.

மூன்றாவது வகை நம்மவர்களுடையது. 1994-இல் பிங்ஹாம்டனில் அயோட்டா நு டெல்டா, 1996-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சிக்மா பீட்டா ரோ, 1998-இல் ஆஸ்டினில் கப்பா ஃபை காமா என்ற பெண்கள் அமைப்பு என்று தெற்காசியப் பிள்ளைகள் தொடங்கியவை. பல பழக்கங்கள் டிவைன் நைனைப் பார்த்து வந்தவை. நியூ ஜெர்சி, ஹூஸ்டன் கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளையோடு பத்துப் பேர் வரிசை கட்டி ஒரே மாதிரி ஆடினால், அது சங்கீத் பயிற்சி இல்லை, ஃபிராட்டர்னிட்டி ஆட்டம் என்று மாமாக்களுக்கு யாராவது சொல்ல வேண்டியிருக்கும்.

இனி டிக்கெட். வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். வாங்காததால் அப்ரைசலில் கை வைக்கிற வழக்கம் இல்லை. “இந்த முறை முடியவில்லை, நிகழ்ச்சி நன்றாக நடக்கட்டும்” என்று ஒரு வரி போதும். காரணம் அடுக்கத் தேவையில்லை. வாங்குவதாக இருந்தால் செக்கை யார் பேருக்கு எழுதுகிறீர்கள் என்று பாருங்கள். சொராரிட்டி, ஃபிராட்டர்னிட்டிகளில் பெரும்பாலானவை வரிச் சட்டத்தின் 501(சி)(7) பிரிவில் வரும் சமூகக் கிளப்புகள். அவற்றுக்குக் கொடுப்பதற்கு வரிச் சலுகை கிடையாது. ஸ்காலர்ஷிப்புக்காக அவர்கள் தனியாக வைத்திருக்கும் ஃபவுண்டேஷன் 501(சி)(3). அதற்குக் கொடுத்தால் சலுகை உண்டு, உங்கள் நன்கொடைக்கு ஈடாக உங்கள் கம்பெனியும் மேட்சிங் கொடுத்தால் அதுவும் பெரும்பாலும் இதற்குத்தான் செல்லும். ஆனால் முழுத் தொகையும் நன்கொடை ஆகாது. டிக்கெட் 150 டாலர், சாப்பாட்டின் மதிப்பு 60 என்றால் 90 மட்டும்தான் கணக்கு. 75 டாலருக்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு இந்தப் பிரிப்பை அவர்களே எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் கேளுங்கள், தப்பில்லை. நீங்கள் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் (செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல் எடுக்கும் நிலையான கழிவு) எடுப்பவராக இருந்தால் இந்தக் கணக்கால் பெரிதாக எதுவும் மிச்சமாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போவதாக இருந்தால் புடவை விஷயம் ஒன்று இருக்கிறது. கிளிப்பச்சை உடல், ராணி பிங்க் பார்டர் போட்ட காஞ்சிபுரத்தை உங்கள் மனைவி அன்றைக்கு எடுக்க வேண்டாம். யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள், நிறம் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ராத்திரி முழுக்க “நீங்கள் எந்தச் சாப்டர், எந்த வருடம்?” என்று கேட்பார்கள், ‘இல்லை’ என்று ஐம்பது தடவை சொல்ல வேண்டும். வேடிக்கை என்னவென்றால் நம் ஜரிகைப் புடவையில் எதை எடுத்தாலும் யாராவது ஒருவருடையதுதான். அரக்குக்குச் சந்தனம் டெல்டா சிக்மா தீட்டா, ஊதாவுக்குத் தங்கம் ஒமேகா சை ஃபை, கறுப்புக்குத் தங்கம் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா. ஏ.கே.ஏ. விருந்தில் அந்த ஒரு ஜோடியைத் தவிர்த்தால் போதும். கழுத்தில் முத்து மாலை பரவாயில்லை, எண்ணி இருபது முத்து கோத்தது மட்டும் வேண்டாம். இருபது என்பது அவர்களுடைய நிறுவனர்களின் எண்ணிக்கை. ‘ஸ்கீ-வீ’ என்று கீச்சுக் குரலில் ஒரு கூவல் கேட்கும், சுண்டுவிரல் உயரும். ரசியுங்கள், திருப்பிச் செய்யாதீர்கள். அமைப்பின் கிரேக்க எழுத்துப் பொறித்த சட்டை, தொப்பி பரிசாகக் கிடைத்தாலும் உறுப்பினர் அல்லாதவர் போடுவதில்லை. சேர்க்கைச் சடங்கு எப்படி நடந்தது என்று கேட்கவே வேண்டாம். சேர்ந்த வருடம், ஊர், தொண்டு வேலை இவற்றைக் கேட்டால் அரை மணி நேரம் சந்தோஷமாகப் பேசுவார்.

மகள் விஷயம். அவள் போகிற பல்கலைக்கழகம் தென் மாநிலத்தில் பெரியது என்றால், ரஷ் எனப்படும் சேர்க்கை பல இடங்களில் ஆகஸ்டில், வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடும். அதனால் கோடையிலேயே பேசிவிட வேண்டும். கட்டண விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். முதல் செமஸ்டர்தான் அதிகம், ஏனென்றால் சேர்க்கைக் கட்டணமும் பேட்ஜும் அதில் ஏறும். இரண்டாம் வருடம் அவர்கள் வீட்டில்தான் தங்க வேண்டும் என்ற ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, நீங்கள் வெளியில் அபார்ட்மெண்டுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டால் இரண்டு வாடகை.

பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் கடைசி நாள் கையெழுத்து. தேசிய பான்ஹெலனிக் கூட்டமைப்பின் 26 சொராரிட்டிகளுக்கு நடக்கும் இந்தச் சேர்க்கையில், விருப்ப வரிசை எழுதிக் கையெழுத்திட்டால் அது கட்டுப்படுத்தும். எழுதியவற்றில் ஒன்று அழைத்து, அவள் வேண்டாம் என்றால், அந்த வளாகத்தில் அடுத்த வருடச் சேர்க்கை வரை இந்த 26-இல் வேறு எதிலும் சேர முடியாது. பிடிக்காத பெயரை ‘சும்மா’ எழுதக் கூடாது. தீட்சை, அதாவது முழு உறுப்பினராக்கும் சடங்கு, முடிவதற்கு முன் விலகினால் அடுத்த வருடம் வேறொன்றைப் பார்க்கலாம். தீட்சை ஆகிவிட்டால் அந்த 26-இல் இன்னொன்று ஆயுசுக்கும் கிடையாது. பதினெட்டு வயதில் போடுகிற கையெழுத்துக்கு எவ்வளவு நீளம் என்று அவளிடம் சொல்லுங்கள். டிவைன் நைனில் வழி வேறு. அங்கே ஆசையை ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிவதே குறை.

ராகிங்கை இங்கே ஹேசிங் என்பார்கள். நம் பிள்ளைகள் தொடங்கியவை என்பதால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். 2013 டிசம்பரில் பென்சில்வேனியாவின் போகோனோ மலையில், ஆசிய அமெரிக்க ஃபிராட்டர்னிட்டி ஒன்றின் சடங்கில், கண்ணைக் கட்டி முதுகில் பாரமேற்றி முட்டித் தள்ளியதில் நியூயார்க் மாணவர் ஒருவர் இறந்தார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் தாமதித்தார்கள். அந்த அமைப்புக்கே அந்த மாநிலத்தில் பத்து வருடத் தடை வந்தது. 2024 டிசம்பரில் வந்த மத்தியச் சட்டப்படி, ஹேசிங்கில் குற்றம் உறுதியான அமைப்புகளின் விவரத்தைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். மகள் ஒரு பெயரைச் சொன்னால் முதல் வேலை அதில் தேடுவது. “இதை வீட்டில் சொல்லாதே”, “போனைக் கொடுத்துவிடு”, “ராத்திரி வண்டியில் ஏறு” என்ற மூன்றில் எது வந்தாலும் வெளியேறிவிடு என்று இப்போதே சொல்லி வையுங்கள். தூக்கமில்லாமல் வைப்பதும் ஹேசிங்தான், அடித்தால் மட்டும் இல்லை.

கடைசியாக ஒன்று. விருந்தில் ஒரு கட்டத்தில் பாட்டு மாறும். உங்கள் மேனேஜரும் அறுபது, எழுபது வயதுக்காரர்களும் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டி மேஜைகளைச் சுற்றி ஆடிக்கொண்டே வருவார்கள். போனில் எடுக்கலாம், கைதட்டலாம். அந்த நேரம் பார்த்து பாத்ரூமுக்கு எழுந்து வரிசையைக் குறுக்கே வெட்டாதீர்கள். கடைசி ஆள் போகும்வரை நாற்காலியை மேஜையோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருங்கள்.