ஷன்ட் வைத்த பிள்ளைக்கு மொட்டை போடலாமா?

கேள்வி: சிஸ்டர் அம்மா, என் மகனுக்கு ஒன்பது மாதம். மூன்றாம் மாதத்தில் தலையில் நீர் கோத்திருக்கிறது என்று, அதை வடிக்கும் ஷன்ட் ட்யூப் வைத்தார்கள். வலது காதுக்குப் பின்னால் சுண்டைக்காய் அளவுக்குப் புடைப்பு. கழுத்தைத் தடவினால் ட்யூப் தட்டுப்படுகிறது. எண்ணெய் தேய்க்கவே கை நடுங்குகிறது. தை மாதம் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தணும் என்கிறார் மாமியார். இந்த ட்யூபை எப்போது எடுப்பார்கள்?
- ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்: அன்பு மகளே, அந்தப் புடைப்புதான் வால்வு. மூளைக்குள் நீர் ஓயாமல் ஊறும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர். அது வடிந்து ரத்தத்தில் கலக்கும் வழி உன் பிள்ளைக்குச் சரியாக இல்லை. ட்யூப் அதை வயிற்றுக்குள் இறக்குகிறது. திரும்ப மேலே ஏறாமல் வால்வு பார்த்துக்கொள்ளும். பிள்ளை வளர்வான் என்றுதான் வயிற்றுக்குள் ட்யூபைக் கூடுதலாகவே விட்டிருப்பார்கள். அநேகமாக எடுக்கமாட்டார்கள். அடைத்தால் மாற்றுவார்கள்.

வார்டில் கலங்கி நிற்கும் அப்பாக்களிடம் ஜான் ஹோல்டர் கதையைச் சொல்வேன். அமெரிக்காவில் பூட்டுக் கம்பெனியில் வேலை பார்த்தவர், டாக்டர் இல்லை. 1955-ல் அவர் மகன் கேசி முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்தான்; தலையிலும் நீர் கோத்தது. மகனுக்காக அவர் உருவாக்கிய சிலிக்கோன் வால்வு 1956-லேயே குழந்தைகளுக்கு வைக்கப்பட்டது. கேசி ஐந்து வயதில் போய்விட்டான். அந்த அப்பாவின் வால்வால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தார்கள்.

எண்ணெய் தாராளமாகத் தேய். புடைப்பை மட்டும் அழுத்தாதே. தையல் காய்ந்து ஆறு மாதமாகிறது, மொட்டைக்கும் தடையில்லை. ஆனால் அந்த இடத்தில் தோல் மெல்லிசு, சவரக்கத்தி படக்கூடாது. கீறல் வழியாகக் கிருமி போனால் ட்யூபையே எடுக்க வேண்டிவரும். டிரிம்மரில் ஒட்ட வெட்டச் சொல். முடியைத்தானே சாமிக்குக் கொடுக்கிறோம். காதுச் சோணைக்கும் ட்யூபுக்கும் இடைவெளி உண்டு, ஆனாலும் சீழ் பிடித்தால் ஆபத்து. ஆபரேஷன் செய்த டாக்டரைக் கேட்டு, ஆஸ்பத்திரியிலேயே குத்திக்கொள்.

மாமியாரிடம் முக்கியமாக ஒன்று சொல்லணும். எங்கள் வார்டுக்கு ஒரு பிள்ளை வந்தான், பத்து மாதம். மூன்று நாளாக வாந்தி. 'உரம் விழுந்திருக்கு' என்று சேலையில் போட்டு உருட்டியிருக்கிறார்கள். நான் தூக்கியபோது கருவிழி கீழே இறங்கி, மேலே வெள்ளைதான் தெரிந்தது. உச்சிக்குழி கல் மாதிரி. ஷன்ட் அடைத்திருந்தது. அன்றிரவே மாற்றினோம். பிழைத்தான், பார்வை திரும்பவில்லை. அந்தப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது இன்னும் மனசில் இருக்கிறது. அவர் பாசத்தில் செய்தார், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதனால் உரம் எடுக்க விடாதே. ஓயாத வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், புடைத்த உச்சிக்குழி, காரணம் தெரியாத காய்ச்சல், ட்யூப் போகும் வழியில் சிவப்பு - இதில் ஒன்று இருந்தாலும் பல் முளைக்குது, செரிக்கலை என்று காத்திருக்காதே. ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்பு.

டிஸ்சார்ஜ் சீட்டில் எந்த வால்வு என்று எழுதியிருக்கும். ஷாஜகான்பூரில் செய்கிற சாப்ரா ஷன்ட்டாகக்கூட இருக்கலாம். நம் நாட்டில் ஏராளமான பிள்ளைகளுக்கு அதுதான். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கேட்பார்கள். சீட்டைப் போட்டோ எடுத்து உன் போனிலும் மாமியார் போனிலும் வைத்துக்கொள்.