‘அப்’ படுத்தும் பாடு

பினாங்கு ஜெலுத்தோங்கில் என் வீட்டு முன்கூடத்தில் ஞாயிறுதோறும் ஆங்கில வகுப்பு நடக்கும். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற அப்பா அம்மாக்களும் சில நேரம் பின்னால் உட்கார்ந்துவிடுவார்கள். போன வாரம் ஒரு பழைய மைலோ டின்னை நடுவில் வைத்து, “ ‘அப்’ என்கிற ஆங்கிலச் சொல்லைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் சீட்டில் எழுதிப் போடுங்கள், பெயர் வேண்டாம்” என்றேன். இரண்டே எழுத்து, எத்தனை கேள்வி வந்துவிடப் போகிறது என்ற நினைப்பு. டின் நிறைந்துவிட்டது.

கேள்வி: டீச்சர், ‘அப்’ என்றால் மேலே. சோறு கீழேதானே இறங்குகிறது? அப்புறம் ஏன் ‘ஈட் அப்’? (படிவம் 2 மாணவன்)

இந்தக் கேள்விக்காகவே உனக்கு ஒரு மைலோ கலக்கித் தரலாம். ‘ஸ்டாண்ட் அப்’, ‘கிளைம்ப் அப்’ என்னும்போது அது மேலேதான். ஆனால் ‘ஈட் அப்’, ‘டிரிங்க் அப்’, ‘யூஸ் அப்’ என்னும்போது அது திசை காட்டவில்லை. மிச்சம் இல்லாமல் வேலை முடிந்ததைக் காட்டுகிறது.

தமிழில் இதே வேலையை ‘விடு’ செய்கிறது. “தம்பி முறுக்கு சாப்பிட்டான்” என்றால், டப்பாவில் இன்னும் இருக்கும் என்று நம்பி நீ அடுப்படிப் பக்கம் போவாய். “தம்பி முறுக்கைச் சாப்பிட்டுவிட்டான்” என்றால் போகமாட்டாய். அந்த ‘விட்டான்’ யாரையும் எங்கேயும் விடவில்லை, பார். அதே மாதிரி ‘ஈட் அப்’பில் உள்ள ‘அப்’பும் எங்கேயும் ஏறவில்லை.

தமிழ் இலக்கணத்தில் இதைத் துணைவினை என்போம். நம்மிடம் ஒரு படையே உண்டு: விடு, போடு, தள்ளு, தீர், கொள், தொலை. ‘டேர் அப்’ என்றால் கிழித்துப் போடு. ‘யூஸ் அப்’ என்றால் செலவழித்துத் தீர். ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள். பொறுமை போன பிறகு சொல்லும் ‘ஹரி அப்’புக்கு ‘வந்து தொலை’யைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. நாம் வினையோடு இன்னொரு வினையை ஒட்டுகிறோம், ஆங்கிலேயர் திசை காட்டும் சொல்லை ஒட்டுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

மேலே என்பது எப்படி முழுமை ஆனது என்று அடுத்துக் கேட்பாய். படியில் அரிசி அளப்பதை நினைத்துக்கொள். அரிசி மட்டம் மேலே ஏறி ஏறி விளிம்பைத் தொட்டதும் தலைதட்டுகிறோம். மேலே வந்தால் அளவு முடிந்தது. ‘ஃபில் அப்’பில் இரண்டு பொருளும் ஒன்றாக இருக்கின்றன. அங்கிருந்துதான் முழுமை என்ற பொருள் மற்ற வினைகளுக்கும் பரவியது என்பது மொழியியலார் சொல்லும் ஒரு விளக்கம். எனக்கும் அது சரியாகப் படுகிறது.

கேள்வி: பள்ளியில் ‘பாஸ் அப் யுவர் புக்ஸ்’ என்கிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் அதை அடித்துத் திருத்துகிறீர்கள்? (படிவம் 4 மாணவி)

நம் ஊரில் யாரிடம் சொன்னாலும் புரியும். நோட்டைக் கொண்டுவந்து கொடு என்று அர்த்தம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பல தலைமுறையாகப் புழங்கும் ஆங்கிலம் இது. நானே பள்ளியில் படித்த காலத்தில் வாரத்துக்கு ஐந்து நாள் கேட்டு வளர்ந்தேன்.

வெளியே போனால்தான் இடிக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். நடத்த வந்தவர் இங்கிலாந்துக்காரர். விண்ணப்பத் தாளை வாங்கிக்கொண்டீர்களா என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, ‘ஐ ஹேவ் ஆல்ரெடி பாஸ்ட் இட் அப்’ என்றேன். அவர் முகம் வாடிப்போய், ஏன், உங்களுக்குப் பயிற்சி பிடிக்கவில்லையா என்றார். அவர் ஊரில் ‘பாஸ் அப்’ என்றால் கிடைத்த வாய்ப்பை வேண்டாம் என்று விடுவது. நான் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல, அவர் காதில் நான் உதறிவிட்டதாக விழுந்திருக்கிறது. தேநீர் இடைவேளை வரைக்கும் இருவரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எஸ்பிஎம் அரசுத் தேர்வுத் தாளில் ‘ஹேண்ட் இன்’ அல்லது ‘சப்மிட்’ என்று எழுது. வகுப்பில் தோழியிடம் எப்படி வேண்டுமானாலும் பேசு.

கேள்வி: ‘ஃபில் அப் தி ஃபார்ம்’ தப்பா? (பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர்)

தப்பு என்று தள்ள மாட்டேன், பழைய ஆங்கிலத்தில் இருந்ததுதான். இன்றைக்கு பிரிட்டிஷ் வழக்கில் ‘ஃபில் இன்’, அமெரிக்க வழக்கில் ‘ஃபில் அவுட்’. ‘ஃபில் அப்’பைப் பெட்ரோல் டேங்குக்கு விட்டுவிடுங்கள். உள்ளே, வெளியே, மேலே மூன்றும் ஒரே ஃபாரத்துக்கு எப்படிப் பொருந்துகிறது என்று கேட்டால், ஃபாரத்தில் உள்ள கட்டங்களுக்கு உள்ளே எழுதுகிறோம், முழு ஃபாரத்தையும் விரித்து நிரப்புகிறோம் என்று ஏதோ சொல்லிச் சமாளிக்கலாம். உங்கள் ஆட்களிடம் ‘கோப் அப் வித்’ என்று எழுத வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ‘கோப் வித்’ போதும், அங்கே ‘அப்’புக்கு வேலையே இல்லை.

கேள்வி: கல்யாண மேக்கப் செய்கிறேன். மேக்கப் என்றால் அலங்காரம். பொய் சொன்னாலும் ‘மேக் அப்’, சண்டை தீர்ந்தாலும் ‘மேக் அப்’. ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை? (லிட்டில் இந்தியாவில் ஒப்பனை செய்யும் தங்கை)

உங்களுக்குத் தமிழிலேயே விடை இருக்கிறது. கூத்துக்காரர் என்ன கட்டுகிறார்? வேஷம் கட்டுகிறார். பொய்யன் கதை கட்டுகிறான். நஷ்டத்தை ஈடுகட்டுகிறோம். வேஷம், கதை, ஈடு மூன்றுக்கும் நாம் ‘கட்டு’ போடுகிற அதே மூன்று இடத்தில் ஆங்கிலம் ‘மேக் அப்’ போடுகிறது. எங்கோ இருக்கும் துண்டுகளைச் சேர்த்து முழுசாக்குவது என்பதுதான் இரண்டுக்கும் அடி. அந்தப் பக்கம் முகம், இந்தப் பக்கம் கதை. தவறிய பரீட்சையைப் பிறகு எழுதுவதும் அந்த ஈடுகட்டல்தான். சண்டை போட்டவர்கள் சேர்வதற்கு மட்டும் நம் ‘கட்டு’ வராது, சமாதானமாகிவிட்டார்கள் என்போம். பிரிந்ததைச் சேர்த்து முழுசாக்குவது என்று பார்த்தால் அதுவும் அதே குடும்பம்தான்.

இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்ததில் ‘மேக் அப்’ – ‘கட்டு’ மாதிரி ஒட்டிப்போகும் ஜோடியை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்த மாதிரி ஒன்று அகப்பட்டால் அகராதியை மூடி வைத்துவிடலாம்.

கேள்வி: ஆங்கிலத்திலேயே அதிகப் பொருள் உள்ள சொல் ‘அப்’தானா? (படிவம் 5 மாணவன்)

இல்லை. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ முதலிடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு திருத்தி எழுதியதில் ‘ரன்’ முந்திக்கொண்டது. வினையாக மட்டும் அதற்கு 645 பொருள் பிரித்திருக்கிறார்கள். பயப்படாதே, அத்தனையும் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

கேள்வி: ‘பிக் அப் மீ அட் ஃபோர்’ என்று எழுதினேன், சிவப்பு மை. ‘பிக் மீ அப்’தான் சரி என்றால், ‘லுக் அப் டு ஹிம்’ மட்டும் எப்படி சரியாகிறது? (படிவம் 3 மாணவி)

மொத்த டின்னிலும் இலக்கணக் கேள்வி இது ஒன்றுதான், நிதானமாகப் பார்ப்போம். ‘ஹிம், ஹெர், மீ, இட்’ மாதிரிக் குட்டிச் சொல் வந்தால் அது நடுவில் போக வேண்டும்: ‘வேக் மீ அப்’, ‘ரிங் ஹெர் அப்’. முழுப் பெயர்ச்சொல் வந்தால் நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம்: ‘பிக் அப் தி பார்சல்’, ‘பிக் தி பார்சல் அப்’.

ஆனால் எல்லா ‘அப்’பும் இப்படி நகராது. நம் பினாங்குக் கொடிமலையில் ரயிலில் ஏறாமல் ஒருவன் ஓடியே ஏறுகிறான்: ‘ஹி ரான் அப் தி ஹில்’. இறங்கி வந்து மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) நாசி கண்டார் சோறு, தே தாரேக் டீ, மறுபடி தே தாரேக் என்று கணக்கை ஏற்றிவிடுகிறான்: ‘ஹி ரான் அப் எ பில்’. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறது. இப்போது ‘அப்’பைக் கடைசிக்குத் தள்ளிப் பார். ‘ஹி ரான் எ பில் அப்’ என்றால் நிற்கிறது. ‘ஹி ரான் தி ஹில் அப்’ என்றால் விழுந்துவிடுகிறது. ஏன்? பில்லில் ‘அப்’ வினையோடு ஒட்டிய துணை, நம் ‘விடு’ மாதிரி. மலையில் அது ‘ஹில்’லோடு ஒட்டியது, ‘மலைமேல்’ என்பதில் உள்ள ‘மேல்’ மாதிரி. ‘மேலை’ மலையிடமிருந்து பிரிக்க முடியாது.

‘லுக் அப் டு’வில் கடைசியில் ‘டு’ இருக்கிறது. அப்படி மூன்று சொல் சேர்ந்து வந்தால் நடுவில் யாரையும் நுழைய விடாது. ‘புட் அப் வித் இட்’, ‘கேட்ச் அப் வித் ஹிம்’. முடிந்தது.

கேள்வி: ‘ஸ்லோ அப்’, ‘ஸ்லோ டவுன்’ இரண்டும் ஒன்றா? (பெயர் இல்லை, கார் படம் வரைந்திருக்கிறது)

ஒன்றுதான். ‘டவுன்’ வேகம் இறங்குவதைப் பார்க்கிறது, ‘அப்’ ஓட்டம் முடிவுக்கு வருவதைப் பார்க்கிறது. வீடு ‘பர்ன் டவுன்’ ஆனால் தரைமட்டம், ‘பர்ன் அப்’ ஆனால் மிச்சமில்லை. வீட்டுக்காரனுக்கு இரண்டும் ஒன்றே.

கேள்வி: என் மாமா ஊரில் ரயில்வேயில் இருந்தவர். ‘அப் வண்டி’, ‘டவுன் வண்டி’ என்பார். தண்டவாளம் சமமாகத்தானே கிடக்கிறது? (பேரனைக் கூட்டிவரும் தாத்தா)

ஐயா, அது பிரிட்டனிலிருந்து வந்த பழக்கம். அங்கே லண்டனை நோக்கிப் போவது ‘அப்’, லண்டனை விட்டுப் போவது ‘டவுன்’. மேடு பள்ளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பெரிய இடம் எதுவோ அது மேலே. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கும் ‘கோ அப்’ என்றுதான் சொல்வார்கள். அங்கிருந்து மாணவனை விலக்கி அனுப்பினால் ‘சென்ட் டவுன்’. நம் கோலாலம்பூர் ஆட்கள் பினாங்குக்கு ‘அப்’ வருவதும் ஜொகூருக்கு ‘டவுன்’ போவதும் வேறு கணக்கு. வரைபடத்தில் வடக்கு மேலே இருக்கிறது, அதனால்.

நம் முன்னோர் வரைபடம் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் மலைத்தொடர் இருக்கும் பக்கம் மேல், அதனால் மேற்கு. கடலை நோக்கித் தாழும் பக்கம் கீழ், அதனால் கிழக்கு. ஜார்ஜ்டவுனில் நின்று பார்த்தாலும் கொடிமலை மேற்கேதான் தெரிகிறது. கடல் கடந்து வந்தும் அந்தச் சொல் பொய்யாகவில்லை.

கேள்வி: போனைக் கீழேதானே வைத்தோம், ‘ஹேங் அப்’ எப்படி? (அவருடைய பேரன்)

பழைய தொலைபேசி சுவரில் மாட்டியிருக்கும். பேசி முடித்ததும் காதில் வைத்த குழாயைக் கொக்கியில் மாட்டினால்தான் இணைப்பு அறும். கொக்கி போய், மேசைத் தொலைபேசி வந்து, அதுவும் போய், இப்போது கண்ணாடியில் விரலை வைக்கிறாய். சொல் மட்டும் இன்னும் கொக்கியில் தொங்குகிறது.

கேள்வி: ‘வாட்ஸ் அப்?’ என்று கேட்டால் ‘ஃபைன்’ என்று சொல்லலாமா? (கடையில் வேலை செய்யும் தம்பி)

‘நாட் மச்’ பொருந்தும். “என்ன விசேஷம்?” என்று கேட்டால் “ஒண்ணும் இல்லை” என்போமே, அது. வாட்ஸ்அப் 2009இல் தொடங்கியபோது ‘வாட்ஸ் அப்’பையும் செயலியைக் குறிக்கும் ‘ஆப்’பையும் கலந்துதான் பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்த்தால் ‘ஆப்’தான் தெரியும். தமிழில் நாம் ‘வாட்ஸ்அப்’ என்று எழுதி, தெரியாமலே பழைய ‘அப்’பைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம். ‘புலனம்’ என்று எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: ‘அப் டு யூ லா’ என்று என் மகன் எதற்கெடுத்தாலும் சொல்கிறான். மரியாதைக் குறைவா? (ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் அம்மா)

சொல்லில் குறை இல்லைங்க, குரலைக் கவனியுங்கள். “உங்கள் விருப்பம்” என்பதையும் “எப்படியோ போங்க” என்பதையும் அந்த மூன்று சொல்லே சுமக்கும். நீங்கள் என்ன சமைக்கட்டும் என்று கேட்கும்போது அவன் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னால் இரண்டாவது. அன்றைக்குப் பாகற்காய் வையுங்கள்.

கேள்வி: ‘கோ அப் தி பஸ்’ என்று எழுதினேன், ‘கெட் ஆன்’ என்று திருத்தினீர்கள். மலாயில் ‘நாய்க் பாஸ்’, தமிழில் ‘பஸ்ஸில் ஏறு’. இரண்டு மொழியும் சொல்வது எப்படித் தப்பாகும்? (படிவம் 1 மாணவன்)

இரண்டு மொழியும் சரி, நீயும் சரியாகத்தான் யோசித்திருக்கிறாய். ஆங்கிலம்தான் இந்த ஓர் இடத்தில் ஏறாமல் நிற்கிறது. ஏற ‘கெட் ஆன்’, இறங்க ‘கெட் ஆஃப்’. காருக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டி என்றால் ‘ஆன்’ என்று வைத்துக்கொள், பெரும்பாலும் தப்பாது.

டின்னின் அடியில் கடைசியாக ஒரு சீட்டு, நாலாக மடித்தது: “டீச்சர், டைம் இஸ் அப். வீட்டுக்குப் போகலாமா?”

மணி ஆறே கால். எழுதியவருக்கு முழு மதிப்பெண், முறுக்கு டப்பாவில் பார்த்த அதே ‘அப்’தான் இது. சரி, கிளம்புங்கள். போகும்போது நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் போங்கள். ‘பாஸ் அப்’ இல்லை, ‘ஹேண்ட் இன்’.