ஆப்பிரிக்கக் குள்ளப் பல்லிகள் எப்படிப்பட்டவை? படங்களில் வரும் அந்த நீலப் பல்லி நிஜமா?

நிஜம்தான். நிறத்தைக் கூட்டிப் போட்ட படமோ என்று சந்தேகப்பட வேண்டாம். வளர்ந்த ஆண் வெயிலில் இருந்தால் அப்படித்தான் பளீரென்று இருக்கும். ஆனால் பேச்சை அதிலிருந்து தொடங்கினால் மற்ற உறவுக்காரர்களைப் பற்றிச் சொல்ல யாரும் விட மாட்டார்கள். அதனால் அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விலங்கியல் படித்தவன் இல்லை. வேலை காரணமாகத் தான்சானியாவின் டார் எஸ் சலாம் நகரில் இருந்தபோது, தங்கியிருந்த வளாகத்தின் மரங்களில் பட்டப்பகலில் பல்லிகள் திரிவதைப் பார்த்தேன். பல்லி என்றால் விளக்கு போட்ட பிறகு சுவருக்கு வருவது என்றுதானே பழக்கம்? இதென்ன கூத்து என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது, இன்றுவரை விடவில்லை.

இவற்றின் பேரினம் லைகோடாக்டைலஸ். பெயர் வைத்தவர் ஜான் எட்வர்ட் கிரே என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர், 1864ல். சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலுமாக 80க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. 'குள்ள' என்ற அடைமொழி பொருத்தமானதுதான். வாலை விட்டுவிட்டு அளந்தால் பெரும்பாலானவை 4 சென்டிமீட்டரைத் தாண்டாது. வால் நுனிவரை சேர்த்தாலும் ஒரு விரல் நீளம். பகலில் இரை தேடுவதால் கண்மணி வட்டமாக இருக்கும். இரவுப் பல்லிகளின் கண்ணில் தெரியும் செங்குத்துக் கீறல் இதில் கிடையாது. முன்னங்காலின் உள்பக்க விரல் தேய்ந்து, இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டிய அளவுக்குச் சிறுத்துவிட்டது. மடகாஸ்கரின் புகழ்பெற்ற பச்சைப் பகல் பல்லிகளான ஃபெல்சூமாக்கள் இவற்றின் நெருங்கிய சொந்தம்.

எனக்கு மிகவும் பிடித்தது வால் சமாச்சாரம். பல்லிகள் சுவரில் ஒட்டுவது விரலடியில் இருக்கும் மடிப்புகளால். அந்த மடிப்புகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் லட்சக்கணக்கில் உண்டு. அவற்றின் நுனிக்கும் சுவருக்கும் இடையிலான மூலக்கூறு ஈர்ப்புதான் பிடிமானம். பசையும் இல்லை, உறிஞ்சலும் இல்லை. குள்ளப் பல்லிகளுக்கு இதே ஏற்பாடு வால் நுனியின் அடிப்பக்கத்திலும் இருக்கிறது. வால் அவற்றுக்கு ஐந்தாவது கால் என்றே சொல்லலாம். எதிரி கவ்வினால் மற்ற பல்லிகளைப் போல இவையும் வாலைக் கழற்றிவிட்டு ஓடும். சரி, அப்படியானால் அந்த ஒட்டும் பட்டை போயிற்றா என்றால், இல்லை. மறுபடி முளைக்கிற வாலிலும் பட்டைகள் வந்துவிடுகின்றன. பொதுவாகப் பல்லிகளுக்கு முளைக்கும் இரண்டாம் வால் பழைய வாலின் சுமாரான நகல்தான். உள்ளே முதுகெலும்புக்குப் பதில் குருத்தெலும்புக் குழாய் மட்டும் இருக்கும். அப்படி எலும்பிலேயே சிக்கனம் பிடிக்கும் உடம்பு, இந்தப் பட்டையை மட்டும் விடாமல் திரும்பச் செய்கிறது என்றால் அதன் உபயோகம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டார் எஸ் சலாமில் நான் பார்த்தவை லைகோடாக்டைலஸ் பிக்சுரேட்டஸ். கென்ய, தான்சானியக் கடற்கரையோரம் எங்கும் சாதாரணமாகக் காணலாம். ஆணுக்கு மஞ்சள் தலை, அதில் கறுப்புக் கோடுகள், தொண்டை கன்னங்கரேலென்று இருக்கும். உடல் சாம்பல் நீலம். பெண் பழுப்பு, மரப்பட்டையோடு கலந்துவிடும். ஒரு தென்னையில் பெரிய ஆண் ஒன்று தலை கீழாக நின்றபடி எறும்புச் சாரியைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஓடித் துரத்தாது. எறும்பு பக்கத்தில் வந்ததும் ஒரு எட்டு, ஒரு கவ்வல், பழைய இடத்துக்கே திரும்பல். இன்னொரு ஆண் அதே மரத்தில் ஏறினால் கதையே வேறு. உடலைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, தொண்டையை ஊதி, கறுப்பு நன்றாகத் தெரியும்படி திரும்பி நிற்கும். வந்தவன் பெரும்பாலும் சண்டைக்கு நிற்காமல் இறங்கிவிடுவான். நான் கிட்டே போனாலும் அது ஓடாது. தண்டின் மறுபக்கத்துக்கு நகர்ந்து, தலையை மட்டும் நீட்டி எட்டிப் பார்க்கும். நான் சுற்றினால் அதுவும் சுற்றும்.

இவற்றில் பல இனங்களுக்கு ஒரு மரத்தண்டு கிடைத்தால் அதுவே வீடு, கடை, போர்க்களம் எல்லாம். இது புரிந்தால் அடுத்து வரும் யானைக் கதையும் எளிதாகப் புரியும்.

கென்யாவின் லைக்கிப்பியா மேட்டுநிலத்தில், ம்பாலா ஆய்வு மையப் பகுதியில், லைகோடாக்டைலஸ் கெனியென்சிஸ் என்ற இனம் வேலமரங்களில் வாழ்கிறது. ராபர்ட் பிரிங்கிள் என்ற சூழலியலாளர் அங்கே செய்து 2008ல் வெளியிட்ட ஆய்வில், யானை ஒடித்துப் பிளந்துபோட்ட மரங்களையே இந்தப் பல்லிகள் நாடுகின்றன என்று காட்டினார். காரணம் எளிது. கிளை முறிந்து பட்டை பிய்ந்த இடத்தில் பிளவுகள் உண்டாகும். ஒளிய இடம் கிடைக்கும். முழுசாக நிற்கும் வழவழப்பான மரத்தில் பருந்துக்கும் பாம்புக்கும் தப்பி ஒதுங்க எதுவும் இல்லை. சில டன் எடையுள்ள விலங்கு சாப்பிட்டுவிட்டுப் போன மிச்சத்தில், ஒரு கிராம் இரண்டு கிராம் எடையுள்ள ஒன்று குடித்தனம் நடத்துகிறது.

அப்படியானால் யானை நல்லது என்று முடித்துவிட முடியாது. அதே பகுதியில் அவர் குழு முன்பே, 2007ல், வெளியிட்ட இன்னொரு ஆய்வில், பெரிய தாவர உண்ணிகள் வர முடியாதபடி வேலி போட்ட இடங்களில் மரம் கூடியது, வண்டுகள் கூடின, பல்லிகளும் கூடின. ஒரு தனி மரத்தை எடுத்துக்கொண்டால் யானையின் முறிவு பல்லிக்கு லாபம். நிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், மேய்கிற கூட்டம் மரங்களின் எண்ணிக்கையையே குறைப்பதால் நஷ்டம். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை. 'யானை காட்டின் நண்பன்' மாதிரி ஒற்றை வரிகளைப் பகிர்கிறவர்கள் இதைப் படித்தால் தேவலை. கறையான் புற்றுகளுக்கும் இதில் பங்கு உண்டு. புற்றைச் சுற்றிய மண் வளமாக இருப்பதால் அதன் பக்கத்து மரங்களில் பூச்சிகள் அதிகம், பூச்சிகளைத் தின்னும் பல்லிகளும் அதிகம்.

இப்போது நீலப் பல்லிக்கு வரலாம். லைகோடாக்டைலஸ் வில்லியம்சி, 1952ல் ஆர்தர் லவ்ரிட்ஜ் விவரித்தது. தான்சானியாவின் உலுகுரு மலையடிவாரத்தில் மொரோகோரோ பக்கம் கிம்போசா என்ற சுண்ணாம்புப் பாறைக் காடு இருக்கிறது. பரப்பு சுமார் 4 சதுர கிலோமீட்டர்தான். அந்தக் காட்டையும் அக்கம்பக்கத்துச் சில துண்டுக் காடுகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் இது இல்லை. அந்தக் காட்டுக்குள்ளும் எல்லா மரத்திலும் இருக்காது. பண்டானஸ் ரபையென்சிஸ் என்ற தாழையின் உச்சியில்தான் வாசம். நீண்ட தாழை மடல்களின் அடியில் தண்ணீர் தேங்கும், பூச்சி வரும், மடல் இடுக்கில் முட்டையும் இடலாம். ஒரு மரத்துக்கு ஒரு பெரிய ஆண் என்பது வழக்கம். நீலம் அவனுக்குத்தான், கூடவே தொண்டையில் கறுப்புப் பட்டைகள், வயிற்றில் ஆரஞ்சு. பெண்கள் பச்சை அல்லது பழுப்பு. அடங்கிப்போன ஆண்களும் நீலத்தைக் காட்டாமல் பெண்களைப் போலவே இருந்துகொள்ளும்.

அந்த நிறம்தான் அதற்கு எமனாக வந்தது. 2004 வாக்கில் ஐரோப்பிய வளர்ப்புப் பிராணிச் சந்தையில் கிராக்கி கிளம்பியது. 2004 முடிவிலிருந்து 2009 நடுப்பகுதிக்குள் குறைந்தது 32,000 பல்லிகளாவது பிடிக்கப்பட்டிருக்கும் என்று கள ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். பிடித்த விதம் அதைவிட மோசம். பல்லி உச்சியில் இருப்பதால், ஏறுவதற்குப் பதில் தாழையையே வெட்டிச் சாய்த்தார்கள். மெதுவாக வளரும் மரம் அது. போன பல்லி போனதோடு, அடுத்து வரும் பல்லிக்கும் வீடில்லை. போதாக்குறைக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட செட்ரெலா என்ற மரம் காட்டுக்குள் பரவி உள்ளூர் மரங்களை நெருக்குகிறது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைத் தரம்பிரிக்கும் ஐயூசிஎன் சிவப்புப் பட்டியலில் இது மிக அருகிவிட்ட இனம். காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் 2017 தொடக்கத்திலிருந்து இருக்கிறது, அதாவது காட்டில் பிடித்ததை எல்லை தாண்டி விற்பது அறவே தடை. கூண்டிலேயே பிறந்தவை சட்டப்படி கிடைக்கின்றன, சுலபமாகக் குஞ்சும் பொரிக்கின்றன. ஆனால் 'பண்ணையில் பிறந்தது' என்று வாயால் சொல்லி விற்பவரிடம் நான் வாங்க மாட்டேன், காகிதம் கேட்பேன்.

இதற்கு நேர் எதிர்த் துருவம் லைகோடாக்டைலஸ் காபென்சிஸ். தென்னாப்பிரிக்காவில் தோட்டம், வேலி, வீட்டுச் சுவர் என்று எங்கும் இருக்கும் சாம்பல் நிறப் பல்லி. கறையானும் எறும்பும் தின்னும், ஒரு தடவைக்கு இரண்டு முட்டை இடும், ஆயுள் ஒன்றரை வருடம் வந்தால் அதிகம். நாற்றுப் பண்ணைச் செடித் தொட்டிகளோடு பயணம் செய்து, முன்பு இல்லாத ஊர்களிலும் குடியேறிவிட்டது. ஒரே பேரினத்தில் ஒன்று தாழையை விட்டால் கதியில்லை என்று இருக்கிறது, மற்றது லாரி ஏறிப் போய் ஊர் பிடிக்கிறது.

பயணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தப் பேரினத்தில் இரண்டு இனங்கள் தென் அமெரிக்காவில் இருக்கின்றன! பிரேசிலின் காட்டிங்கா முட்காட்டில் குளூகெய், பராகுவே, பொலிவியா பக்கம் வெட்செலி. 1977ல் இவற்றை விவரித்தபோது தனிப் பேரினம் என்றே வைத்தார்கள், பிறகுதான் குடும்பம் சேர்ந்தது. கண்டங்கள் பிரிந்து வெகுகாலம் கழித்தே இந்தக் கிளை போயிருக்கிறது என்பதால், மிதந்து சென்ற மரம் அல்லது தாவரத் திட்டில் அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்க வேண்டும். மடகாஸ்கருக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையிலும் இவை ஒருமுறைக்கு மேல் கடல் கடந்திருக்கின்றன என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன.

புதிய இனங்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. மொசாம்பிக்கின் நமூலி மலையிலிருந்து ரெகுலஸ் என்ற இனம் 2013ல் வந்தது, அங்கோலாவிலிருந்து மட்டும் 2020ல் மூன்று. தனித்து நிற்கும் மலை, தனித்து நிற்கும் பாறைக் குன்று எதைத் தேடினாலும் ஏதாவது ஒன்று ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு.

நேரில் பார்க்க ஆசையிருந்தால், கிம்போசாவுக்குப் போக வேண்டியதில்லை. மொம்பாசாவிலோ டார் எஸ் சலாமிலோ காலை வெயில் ஏறிய பிறகு, பட்டை வெடித்த பெரிய மரம் ஒன்றின் முன்னால் அசையாமல் நில்லுங்கள். கண் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, வெயில் படும் பக்கத்தில் மஞ்சள் தலையைத் தேடுங்கள். கேமராவை முதலிலேயே உயர்த்திப் பிடித்துவிடுங்கள். பார்த்த பிறகு கையைத் தூக்கினால் மறுபக்கம் போய்விடும்.