ரிசீவரா, தனித்தனிப் பெட்டியா? சுங்கை சிப்புட் வாசகர்களுக்குப் பதில்கள்

அண்ணே, தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்துவிட்டோம். படம், பாட்டு இரண்டுக்கும் ரிசீவர் போதுமா? ஒலியைத் தேர்ந்து சரிசெய்யும் பிரீஆம்ப், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் என்று தனித்தனியாக வாங்கவா?

படமும் பார்ப்பதாக இருந்தால் ரிசீவரே வாங்குங்கள் தம்பி. ரேடியோ, ஒலியைப் பெருக்கும் ஆம்பிளிபயர், டிவியை இணைக்கும் எச்டிஎம்ஐ, சினிமா ஒலி தரும் டால்பி எல்லாம் ஒரே பெட்டியில் கிடைக்கும், செலவும் குறைவு. ஆனால் காசு கொடுக்கும் முன் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் 'பிரீ அவுட்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிற்பாடு ஒரு பவர் ஆம்ப் வாங்கி அதில் மாட்டலாம். ரிசீவரில் முதலில் பழசாவது எச்டிஎம்ஐயும் டால்பியும்தான். நல்ல பவர் ஆம்ப் அவ்வளவு சீக்கிரம் பழசாகாது. ரிசீவரை மாற்றும்போது அது அப்படியே நிற்கும். அப்புறம், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் மட்டும் வைக்காதீர்கள். நம் ஊர் வெக்கையில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் என்ற மின்பாகங்கள் சீக்கிரம் காய்ந்துவிடும்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய ரிசீவர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

முதலில் பின்னால் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். 100 வோல்ட் என்று இருந்தால் நம் வீட்டு 230 வோல்டில் நேராகச் சொருகவே கூடாது, கருகிவிடும். வோல்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். செட்டில் 300 வாட் என்று இருந்தால் 500 வாட் தாங்குவதாக வாங்குங்கள்.

இன்னொரு சிக்கல் ரேடியோ. ஜப்பானில் எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும். பழைய செட்டுகள் பெரும்பாலும் 90 வரைதான் எடுக்கும். நம் மலேசியாவில் 87.5 முதல் 108 வரை. நம் தமிழ் வானொலி மின்னல் எஃப்எம் கேட்காமல் பொழுது விடியாத வீடென்றால் இந்த ரிசீவரில் ஏமாற்றம்தான். தனித்தனிப் பெட்டி இங்கேதான் கைகொடுக்கும்: ஜப்பான் ஆம்பிளிபயரை வைத்துக்கொண்டு, இங்கே விற்ற டியூனர் (ரேடியோ மட்டும் உள்ள பெட்டி) ஒன்றைச் சேர்த்தால் சரி.

50 வாட் ஆம்பிளிபயருக்குப் பதில் 100 வாட் வாங்கினால் இரண்டு மடங்கு சத்தம் வருமா?

வராது. வாட் இரட்டிப்பானால் சத்தத்தின் அளவில் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம்தான் தெரியும். அதே வாட்டுக்கு 87 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கர் வாங்கினாலே அதே பலன். அதனால் பெரும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

தாத்தாவின் இசைத்தட்டு பிளேயரைப் புது ரிசீவரில் மாட்டினால் முனகலாகக் கேட்கிறது.

இசைத்தட்டு பிளேயரின் மெல்லிய ஒலிக்கென்றே உள்ள 'போனோ' இணைப்பு புது ரிசீவர்கள் பலவற்றில் இருக்காது. சின்ன போனோ பிரீஆம்ப் ஒன்றை நடுவில் வையுங்கள்.

இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் போதாதா?

போதாதம்மா. இடி தொடங்கும் முன்பே பிளக்கையே உருவுங்கள். மின்னல் ஏரியல் வழியாகவும் ஆஸ்ட்ரோ டிவி டிகோடரின் எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவும் உள்ளே வரும், அவற்றையும் கழற்றிவிடுங்கள். தனித்தனிப் பெட்டி வைத்திருந்தாலும் இதேதான்.