மூன்று நாளில் இறந்த குட்டிகள்: நாயின் பிரசவமும் அடுத்த எட்டு வாரங்களும்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டக் குடியிருப்பில் வசிக்கிறேன். எங்கள் வீட்டுக் கலப்பின நாய் மீண்டும் சினையாக இருக்கிறது. சென்ற முறை சமையலறைக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் கோணி விரித்துக் கொடுத்தோம்; ஆறு குட்டிகள் ஈன்றது. எல்லாம் உயிரோடு பிறந்தும் மூன்று குட்டிகள் மூன்றே நாளில் இறந்துவிட்டன. தாய்க்குப் பால் போதவில்லை என்று மாமியார் டின் பாலைக் கரைத்து ஊட்டினார். இந்த முறை பிரசவ நேரத்தில் நாங்கள் என்ன செய்ய வேண்டும், ஈப்போவில் உள்ள மருத்துவரிடம் எந்த நிலையில் கொண்டு செல்ல வேண்டும், குட்டிகளை எப்போது பிறருக்குக் கொடுக்கலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கியமான சொல் பால் அன்று, சிமெண்டுத் தரை. இறந்த குட்டிகளைப் பார்க்காமல் காரணத்தை அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றாலும், நலமாகப் பிறந்த குட்டிகள் இரண்டு மூன்று நாளில் ஒவ்வொன்றாகச் சோர்ந்து இறக்கும்போது நான் முதலில் ஐயுறுவது குளிரையே. நம் நாட்டு வெயிலில் குளிரா என்று நீங்கள் கேட்கலாம். பிறந்த குட்டிக்கு முதல் வாரத்தில் உடல் நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளும் திறன் கிடையாது. அதன் உடல் வெப்பமே 35 முதல் 36 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். அது படுக்கும் இடத்தில் ஏறத்தாழ 30 டிகிரி வெப்பம் வேண்டும். மாலையில் மழை கொட்டித் தீர்த்த ஓர் இரவில் தோட்டத்து வீட்டின் சிமெண்டுத் தரை அதைவிட எவ்வளவோ குளிர்ந்திருக்கும், ஈரக் கோணி அக்குளிரைத் தடுக்கவும் செய்யாது.

குளிர்ந்துபோன குட்டியால் காம்பைப் பற்றிச் சப்ப முடியாது. அதன் குடலும் இயங்குவதை நிறுத்திவிடும். சில்லிட்ட குட்டியைத் தாயும் மூக்கால் ஒதுக்கித் தள்ளும். பார்ப்பவருக்குத் தாயிடம் பால் இல்லை என்றும், தாய்க்குப் பாசம் இல்லை என்றும் தோன்றும். அந்த நிலையில் வாயில் ஊற்றப்படும் பால் செரிக்காமல் தங்கும், அல்லது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். ஆகவே முதலில் சூடு, பிறகுதான் பால் என்னும் வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். சில்லிட்ட குட்டியை உங்கள் உடலோடு அணைத்தோ, துண்டில் சுற்றிய வெந்நீர்ப் புட்டியின் அருகில் வைத்தோ, ஓரிரு மணி நேரத்தில் மெதுவாகச் சூடேற்றுங்கள். வெந்நீரில் முக்குவதும், விளக்கை மிக நெருக்கமாக வைப்பதும் வேண்டாம்.

இடத்தை ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பே தயார் செய்துவிடுங்கள். தாய் கால் நீட்டிப் படுக்கும் அளவுக்கு ஒரு மரப்பெட்டி போதும். உள்சுவரைச் சுற்றித் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஒரு சட்டம் அடித்தால், தாய் சாய்ந்து படுக்கும்போது குட்டி சுவரோடு நசுங்காமல் அந்த இடைவெளியில் ஒதுங்கிக்கொள்ளும். பெட்டியைச் செங்கல்லின்மேல் தூக்கி வையுங்கள். தோட்டப்புறத்தில் எறும்பை மறந்துவிடக் கூடாது; பிரசவ நீரின் வாடைக்கு வரும் செவ்வெறும்புகள் அசைய முடியாத குட்டிகளைக் கடித்துக் குதறிவிடும். அந்தக் காலத்தில் சாப்பாட்டு அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியதுபோல், பெட்டிக்கும் நான்கு கால் வைத்துத் தண்ணீரில் நிறுத்துவதே நல்ல வழி. எறும்பு மருந்துத் தூளைப் பெட்டியைச் சுற்றித் தூவினால் தாய் அதை நக்கும். கொசுவத்தியும் சாம்பிராணிப் புகையும் குட்டிகளின் நுரையீரலுக்கு ஆகாதவை. மெல்லிய கொசுவலை போதும். மலைப்பாம்பும் உடும்பும் வரக்கூடிய இடமென்றால், இரவில் கதவடைத்த அறைக்குள் பெட்டி இருக்க வேண்டும்.

நாயின் சினைக்காலம் சராசரியாக 63 நாள். ஆனால் விந்தணு நாயின் கருப்பையில் பல நாள் உயிரோடு இருக்கும் என்பதால், இணைசேர்ந்த நாளிலிருந்து எண்ணும்போது 58 முதல் 68 நாள் வரை முன்பின் ஆகலாம். நாள்காட்டியைவிட வெப்பமானி நம்பகமானது. கடைசி வாரத்தில் காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பம் பார்த்துக் குறித்து வாருங்கள்; வழக்கமாக 38 டிகிரியை ஒட்டி இருப்பது 37.2 டிகிரிக்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பிரசவம் தொடங்கிவிடும். 55ஆம் நாளுக்குப் பிறகு ஈப்போ செல்ல வாய்ப்பிருந்தால் ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். உள்ளே எத்தனை குட்டி என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது, நள்ளிரவில் எல்லாம் முடிந்ததா இல்லையா என்று தவிப்பதைவிட எவ்வளவோ மேல்.

பிரசவத்தின் முதல் கட்டத்தில் நாய் உணவை மறுத்து, மூச்சிரைத்து, படுக்கையைப் பிராண்டிக்கொண்டு நிலைகொள்ளாமல் அலையும். இது 6 முதல் 12 மணி நேரம், சில நாய்களுக்கு 24 மணி நேரம் வரைகூட நீடிக்கும். இக்கட்டத்தில் நீங்கள் செய்ய வேண்டியது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வேடிக்கை பார்க்க விடாமல் இருப்பது மட்டுமே. பிறகு வயிற்றை இறுக்கி முக்கத் தொடங்கும். முதல் குட்டி வந்தபின் அடுத்தடுத்த குட்டிகள் பொதுவாக அரை மணி முதல் ஒரு மணி நேர இடைவெளியில் வரும். நடுவில் தாய் அமைதியாக ஓய்வெடுப்பதும் உண்டு. பத்தில் நான்கு குட்டிகள் பின்புறம் முன்னதாக வருவது நாய்களில் இயல்பு, அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

தாய் பனிக்குடத்தைக் கிழித்து, தொப்புள்கொடியைக் கடித்து, குட்டியை நக்கி மூச்சுவிடச் செய்யும். ஒரு நிமிடத்துக்குள் அது கிழிக்காவிட்டால் நீங்கள் கிழித்து, வாயையும் மூக்கையும் துடைத்து, உலர்ந்த துண்டால் குட்டியின் முதுகையும் மார்பையும் நன்கு தேய்த்துவிடுங்கள். குட்டியைத் தலைகீழாகப் பிடித்து வீசி ஆட்டும் பழைய முறையை நான் கண்டிப்பாக மறுக்கிறேன். அதனால் மூளையில் இரத்தக்கசிவு ஏற்படலாம். கொடியை வெட்ட நேர்ந்தால் வயிற்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி நூலால் கட்டி வெட்டி, நுனியில் அயோடின் தடவுங்கள்.

இனி, தாமதியாமல் வண்டியை எடுக்க வேண்டிய நிலைகள். வலுவாக முக்கத் தொடங்கி அரை மணி நேரத்துக்கு மேலாகியும் குட்டி வராவிட்டால் கிளம்புங்கள். இன்னும் குட்டி இருப்பது தெரிந்தும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் நிகழாவிட்டாலும், வெப்பம் இறங்கி ஒரு நாள் கடந்தும் பிரசவம் தொடங்காவிட்டாலும், முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நிற நீர் வந்தாலும் அப்படியே. அந்தப் பச்சை நிறம் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரியத் தொடங்கிவிட்டதைக் காட்டுகிறது. முதல் குட்டி பிறந்தபின் அதே நிறம் வருவது இயல்பானது. உங்கள் ஊரிலிருந்து ஈப்போ அரை மணி நேரத் தொலைவு என்பதால், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்பதை இன்றே தொலைபேசியில் விசாரித்து வையுங்கள்.

எல்லாக் குட்டிகளும் முதல் 12 மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். நோய் எதிர்ப்பாற்றலில் மிகச் சிறு பங்கு மட்டுமே கருவிலிருக்கும்போது தாயிடமிருந்து கிடைக்கிறது. மீதி முழுவதும் சீம்பாலில் வருவது. பிறந்து ஒரு நாள் ஆவதற்குள் குட்டியின் குடல் அந்த எதிர்ப்பொருள்களை உறிஞ்சும் ஆற்றலை இழந்துவிடும்.

சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள் என்பதுதான் நான் வலியுறுத்தும் ஒரே செலவு. குட்டி கத்துவதை வைத்துப் பசியையும், அமைதியை வைத்து நலத்தையும் கணிப்பவர்கள் ஏமாந்துபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன். நலிந்த குட்டி பல வேளைகளில் அழக்கூட வலுவின்றி ஓரமாகக் கிடக்கும், வீட்டார் அதைச் சமர்த்துக் குட்டி என்பார்கள். தராசு பொய் சொல்லாது. பிறந்தவுடன் ஒரு முறை, பிறகு தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து ஒரு பழைய பள்ளி நோட்டில் எழுதுங்கள். ஒரே நிறக் குட்டிகளை அடையாளம் காண, ஒன்றுக்குத் தோளிலும் மற்றொன்றுக்கு இடுப்பிலுமாகச் சிறிது முடியைக் கத்தரித்துவிடலாம். கழுத்தில் நூல் கட்டினால் குட்டி வளர வளர அது இறுகும். முதல் நாளில் எடை சற்றுக் குறையலாம். அதன்பின் நாளொன்றுக்கு 5 முதல் 10 விழுக்காடு கூடி, பத்தாம் நாளை ஒட்டிப் பிறந்த எடையைப்போல் இருமடங்காக வேண்டும். 300 கிராமில் பிறந்த குட்டி மூன்றாம் நாளிலும் 300 கிராமிலேயே நின்றால், அது பார்வைக்கு எப்படி இருந்தாலும் ஏதோ கோளாறு இருக்கிறது. சூடு போதுமா என்று பார்த்து, பால் மிகுதியாக உள்ள பின்காம்பில் அதைத் தனியாகப் பிடித்துக் குடிக்க வையுங்கள். மறுநாளும் ஏறாவிட்டால் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

உங்கள் மாமியார் அன்போடுதான் ஊட்டியிருக்கிறார். ஆயினும் டின் பாலில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரை. நாயின் பாலில் பசும்பாலைப்போல் ஏறத்தாழ இருமடங்கு புரதமும் கொழுப்பும் உண்டு. கரைத்த டின் பால் வயிற்றை நிரப்பிக் கழிச்சலைத் தருமே தவிர வளர்க்காது. தேவைப்பட்டால் செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் நாய்க்குட்டிப் பால்மாவைக் கலந்து, முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். கைக்குழந்தையைப்போல் மல்லாக்கக் கிடத்தாமல், குட்டியைக் குப்புற வைத்தே ஊட்ட வேண்டும். தாய் நக்கிவிடாத குட்டிகளுக்கு ஒவ்வொரு முறை ஊட்டியபின்னும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றையும் ஆசனவாயையும் மெல்லத் தடவிவிட வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் அவற்றால் தாமாகச் சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது.

தாயையும் கவனியுங்கள். பால் மிகுதியாகச் சுரக்கும் மூன்றாம் நான்காம் வாரங்களில் அதற்கு வழக்கத்தைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு உணவு தேவைப்படலாம். மடி சூடாகக் கல்போல் இறுகினாலும், பிரசவத்துக்குப் பின் வடியும் நீர் துர்நாற்றம் வீசினாலும் மருத்துவம் தேவை. தாய் மூச்சிரைத்து, கால்கள் விறைத்து, உடல் நடுங்கினால் அது இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். குட்டிகளைப் பிரித்துவிட்டு அந்தக் கணமே கிளம்புங்கள்.

பத்து முதல் பதினான்கு நாளில் கண் திறக்கும். நீங்களாகத் திறக்க முயலக் கூடாது. காது அதற்குச் சில நாள் கழித்துத் திறக்கும். மூன்றாம் வாரத்தில் தள்ளாடி நடக்கும், பால்பல் முளைக்கும். நான்காம் வாரத்திலிருந்து குட்டிகளுக்கான உலர் உணவை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாகக் கொடுங்கள். வெறும் சோறும் கருவாட்டுத் தலையும் வளரும் எலும்புக்குப் போதாது. வெங்காயம் சேர்ந்த குழம்பும், கொக்கோ கலந்த மைலோவும் நாய்க்கு நஞ்சு.

உருண்டைப்புழு கருப்பையிலேயே குட்டிக்குத் தொற்றிவிடும். கொக்கிப்புழு பாலின் வழியாகவும் தொற்றும். ஈறு வெளுத்த குட்டியைக் கண்டால் முதலில் கொக்கிப்புழுவை நினையுங்கள். இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் வாரங்களில், எடைக்கேற்பப் புழு மருந்து கொடுக்க வேண்டும். தாய்க்கும் உடன் கொடுக்க வேண்டும். இப்புழுக்கள் மனிதரையும் தொற்றும் என்பதால் வெறுங்காலில் விளையாடும் பிள்ளைகளை எண்ணியும் இதைச் செய்யுங்கள். உண்ணிக்கு மண்ணெண்ணெயும், சொறிக்குப் பழைய எஞ்சின் எண்ணெயும் தடவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தோல் வழியாக உள்ளே போகும், குட்டிகள் நக்கவும் செய்யும். செம்பனைக்கு வைக்கும் எலி மருந்தைத் தின்ற எலியைத் தாய் தின்றாலும் ஆபத்து என்பதால், அதைத் தோட்டத்துக்குள் அலைய விடாதீர்கள்.

தடுப்பூசியை ஆறு முதல் எட்டாம் வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறாம் வாரம் வரை தொடர வேண்டும். குட்டிகளுக்குக் கடும் கழிச்சலைத் தரும் பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும் என்பதால் முன்பு கழிச்சல் கண்டு குட்டி இறந்த வீடுகளில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். வெறிநாய்க்கடி நோய் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் மீண்டும் தலைகாட்டியது. பன்னிரண்டாம் வாரத்தில் அதற்கான ஊசியையும் போட்டுவிடுங்கள்.

குட்டிகளை எட்டு வாரத்துக்கு முன் கொடுக்காதீர்கள். பால் மறந்த ஐந்தாம் வாரத்திலேயே கேட்டு வருவார்கள். ஆனால் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் குட்டி தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் அப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கும். மனிதரோடு பழகவும் அதுவே காலம். அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் நடந்து 1961இல் வெளியான ஓர் ஆய்வில், 14 வாரம் வரை மனிதத் தொடர்பின்றி வளர்க்கப்பட்ட குட்டிகள் அதன்பின் மனிதரைக் கண்டு அஞ்சி விலகின. ஆகவே மூன்றாம் வாரத்திலிருந்து குட்டிகளைத் தினமும் தூக்கிப் பழக்குங்கள். மோட்டார் சைக்கிள் சத்தமும், குலை ஏற்றும் லாரியின் சத்தமும் தொலைவிலிருந்து கேட்கட்டும். பால் வற்றியபின் தாய்க்குக் கருத்தடை அறுவை செய்யும் நாளை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குட்டியை வாங்கிச் செல்பவரிடம், எடை எழுதிய நோட்டிலிருந்து அந்தக் குட்டியின் பக்கத்தைக் கிழித்து, புழு மருந்தும் ஊசியும் போட்ட தேதிகளோடு கொடுத்தனுப்புங்கள். அடுத்த மருந்தை என்றைக்குத் தர வேண்டும் என்பது அவருக்கு அதிலிருந்து தெரிந்துவிடும்.