வம்சத்தில் ஓடுகிறதா?

கேள்வி: பேராதனையில் விஞ்ஞான பீடம், இரண்டாம் வருடம். புள்ளிவிபரவியலில் சிறப்புப் பட்டம் செய்ய எண்ணம். அம்மாவின் தம்பிக்கு இருபது வயதிலிருந்து மனச்சிதைவு நோய். தோட்டத்தில் "அது அவங்க வம்சத்துல ஓடுது" என்கிறார்கள். மனநோய்களின் மரபணுக்களைப் புள்ளிவிபரம் கொண்டு ஆராயும் துறையில் சேர ஆசை. உயர்தரத்தில் உயிரியல் படிக்காத எனக்கு அது சரிவருமா? மாமாவுக்கு எந்த மரபணுவில் கோளாறு என்று கண்டுபிடிக்கலாமா?
- ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: தங்கச்சி, இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். 2022இல் வந்த ஓர் ஆய்வில் மனச்சிதைவு உள்ள 76,755 பேரையும் இல்லாத 243,649 பேரையும் ஒப்பிட்டார்கள். மரபுத்தொகுதியில், அதாவது ஒருவரின் முழு மரபணுத் தொகுப்பில், நோயோடு தொடர்புள்ளவையாக 287 இடங்கள் அகப்பட்டன. கொழுந்து நிறுக்கும்போது ஓர் இலையைப் போட்டால் முள் அசையுமா? ஒவ்வோர் இடமும் அந்த ஓர் இலைதான். ஆகவே மாமாவின் நோய்க்கு "இந்த மரபணு" என்று ஒன்றைக் காட்டுவது பெரும்பாலும் நடக்காது. வம்சக் கதை பேசுபவர்களிடம் சொல்லுங்கள்: அந்த இலைகள் எல்லார் வீட்டுச் சாக்கிலும் கிடக்கின்றன.

சரி, படிப்பு. இலட்சக்கணக்கான இடங்களைச் சோதித்தால் தற்செயலாகவே பல இடங்கள் குற்றவாளிபோலத் தெரியும். அதனால் ஒரு முடிவு தற்செயல் அல்ல என்று ஏற்க வகுப்பில் பழகிய 0.05 என்ற எல்லை இங்கே செல்லாது, இங்கே எல்லை 0.00000005. இதைப் படித்ததும் ஏன் அந்த எண் என்று குடைகிறதா? அப்படியானால் நீங்கள் இதற்கான ஆள்தான். உயிரியலைப் பின்னால் பிடித்துக்கொள்ளலாம். கணக்கு அடித்தளம் இல்லாமல் வருபவர்களுக்குத்தான் கஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

புள்ளிவிபரக் கணிப்புக்கான ஆர் மொழியும் மரபணுத் தரவை அலசும் பிளிங்க் மென்பொருளும் இலவசம். பல நாட்டவரின் மரபுத்தொகுதிகளைப் பதிவுசெய்த "ஆயிரம் மரபுத்தொகுதிகள்" திட்டத்தின் தரவும் அப்படியே. 2015இல் முடிந்த அதில் 2,504 பேர். அவர்களில் 102 பேர் பிரித்தானியாவில் மாதிரி எடுக்கப்பட்ட இலங்கைத் தமிழர். மலையகத் தமிழருக்கென்று தனிப் பிரிவு கிடையாது! நோய் விபரமும் இல்லை. கை பழக அது தேவையுமில்லை. பெரிய ஆய்வுகளில் பெரும்பான்மை ஐரோப்பிய வம்சாவளியினர். அவற்றிலிருந்து கணித்த, நோய் வரும் வாய்ப்பைக் காட்டும் ஆபத்துப் புள்ளிகள் நம்மவர்களுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. நம் பக்கத்து ஆட்கள் இந்தத் துறைக்குத் தேவைப்படுவது இதனால்தான்.

கலாநிதிப் பட்டம் இல்லாமல் இதில் தூரம் போக முடியாது, அநேகமாக வெளிநாடு. சம்பளத்தோடு தரும் இடங்களுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள், கடன் வாங்காதீர்கள். இடையில் மனம் மாறினாலும் புள்ளிவிபரவியல் பட்டம் வங்கியிலும் காப்புறுதியிலும் விலைபோகும்.

அப்புறம் மாமா. உங்கள் ஆராய்ச்சி அவருக்குப் பயன்பட நாளாகும். லீவில் வீட்டுக்குப் போனதும் அவருடைய கிளினிக் கொப்பியை வாங்கிக் கடைசித் திகதி எது என்று பாருங்கள்.